சுவருக்கு வெளியே நின்ற கறையான்

எறும்பும் கறையானும் மண்ணோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கறையான் புற்றில் எல்லார் வாயும் ஒரே அளவுதான். கட்டையை அரிக்கவும் மண்ணைக் குழைத்துப் பூசவும் அது போதும். கட்டெறும்பு வந்தால்தான் திண்டாட்டம். வந்த வேகத்தில் முட்டைகளையும் குஞ்சுகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். இவர்கள் என்ன செய்வார்கள், பாவம், உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள்.

செங்கான் என்ற கறையானுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. மண்தாயிடம் போய், "எனக்குக் கத்தி மாதிரி ரெண்டு தாடை குடு தாயே" என்று கேட்டான்.

"தர்றேன். ஆனா அந்த வாயால மெல்ல முடியாதுடா. யாராவது ஊட்டினாத்தான் உனக்குச் சோறு."

"புத்து நிறைய ஆளுங்க இருக்காங்க, ஊட்ட மாட்டாங்களா?" என்றான். சரியான அவசரக்குடுக்கை. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

முதலில் நான் நீ என்று போட்டி போட்டு ஊட்டினார்கள். ஆனால் நாள் பல போயும் எறும்புகள் வரவில்லை. போகப் போகப் பேச்சு மாறியது. "ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுறதில்ல, இவனுக்கு ஊட்டி வேற விடணுமாம்" என்று முணுமுணுத்தார்கள். குஞ்சுகளைத் தொடவும் விடவில்லை, தாடை பட்டுவிடுமாம். 'சோத்துக்கு நிக்கிறவன்' என்று பேரும் வைத்தார்கள். வாசலோரம் ஒதுங்கி நின்றவனிடம் பேச்சுக்கொடுக்கத் தங்கை பூவாத்தாவை விட்டால் ஒரு நாதியில்லை. அவள்தான் இரையை மென்று குழைத்து அவன் வாயில் ஊட்டுவாள்.

ஒருநாள் காட்டுப்பன்றி முட்டியதில் புற்று உடைந்தது. மோப்பம் பிடித்துக் கட்டெறும்புகள் வந்துவிட்டன. செங்கான் உடைப்பைத் தாண்டி வெளியே பாய்ந்து வெட்டித் தள்ளினான். வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தன.

"பூவாத்தா, சுவரை எழுப்பு" என்றான்.

"நீ உள்ள வாண்ணே, அப்புறம் அடைக்கிறேன்."

"நான் வந்தா அதுங்களும் கூடவே வந்துரும். குஞ்சுங்க இருக்கு தாயி. அடைச்சிரு."

அழுதுகொண்டே மண்ணைக் குழைத்தாள். அவனுக்கு ஊட்டிய வாயாலேயே ஒவ்வோர் உருண்டையாக வைத்து உடைப்பை மூடினாள். உள்ளே போக அவனுக்கு மட்டும் ஆசை இல்லாமலா இருந்தது? கொள்ளை ஆசை. ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வெறும் சுவர்தான் இருந்தது.

உள்ளே ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை. அவனைப் பழித்தவர்களே சுவரை ஒட்டி நின்று, "வீரன், எங்க வீரன்" என்றார்கள். மண் அதற்குள் இறுகிவிட்டது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று முதல், கத்தித் தாடையோடு வீரனாகப் பிறக்கும் கறையான் பிறர் ஊட்டித்தான் உண்கிறது. புற்று உடைந்தால் அதுதான் முதலில் வெளியே வருகிறது. அது திரும்புவதற்குள் ஊட்டிய வாய்களே சுவரை எழுப்பி முடித்துவிடுகின்றன.