விலக்கு எழுதிய ஓலை

“ஜனங்க என் பக்கம் இருக்காங்க. அந்த நீதிபதி மட்டும் மலை மலைக்காரங்களுக்குத்தான்னு தீர்ப்பு சொல்றாரு. நான் எதுக்கு அவர் பேச்சைக் கேக்கணும்?”

நாட்டுத் தலைவன் செங்கோடன் மலைமேல் இருந்த தன் குருவின் குடிசைக்கு வந்து, அவரிடம் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டான்.

கூலிக்காரன் மகன். போரில் ஜெயித்தவன். ஊர் ஊராகக் குடத்தில் ஓலை போட்டு மக்கள் தேர்ந்தெடுத்த முதல் ஏழை. அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவனும் வந்த மாதமே பழைய அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூடப் போரிட்டவன், கூடச் சாப்பிட்டவன் எல்லோருக்கும் பதவி கொடுத்தான். செங்கோடனுக்கு உங்கள் பெயர் தெரிந்தால் போதும், பிழைத்தீர்கள்.

இப்போது அவன் கையில் ஒரு முத்திரை ஓலை. மலையில் வாழும் நாலாயிரம் பேரும் மழைக்கு முன் ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். அவர்கள் நிலம் அவன் ஆட்களுக்கு. அடிவாரத்தில் படை தயாராக நின்றது.

குரு உலகநாயகி அவனைவிட வயதில் சிறியவர். ஓலையை வாங்கிப் படித்தார்.

“சரி. நான் எப்போ கிளம்பணும்?”

“நீங்க எதுக்கும்மா?”

“என் குடிசையும் மலையிலதானே இருக்கு.”

“ஐயய்யோ, உங்களுக்கு இல்லம்மா. விலக்கு எழுதிடறேன்.”

எழுத்தாணியை எடுத்து ஓலையின் ஓரத்தில் அவர் பெயரைக் கீறினான்.

“ரங்கி பேரையும் எழுது. எனக்குச் சமைக்கிறவ.”

“அதுக்கென்ன.”

“அவ புருஷன் பெட்டன். பெட்டனுக்கு நாலு தம்பிங்க.”

செங்கோடன் சிரித்துவிட்டான். “இப்படியே போனா மலையில பாதிப் பேர் மிஞ்சிடுவாங்கம்மா.”

“முகம் தெரியாதவங்களைத்தானே அனுப்பற? வா, தெரிஞ்சுக்க.”

உத்தரவைக் கேள்விப்பட்டு குடிசை வாசலில் மலைக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து கும்பிட்டுப் பெயர் சொன்னார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி வந்தாள். கண் தெரியாத ஒருவரை மகள் கைபிடித்துக் கூட்டி வந்தாள். செங்கோடன் எழுதிக்கொண்டே போனான். பொய் சொல்வானேன், அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கும்பிட்டு நிற்கிறவர்களுக்குக் கொடுப்பது யாருக்குத்தான் கசக்கும்?

அடுத்து வந்தவன் தேனெடுக்கிறவன். அவன் கும்பிடவில்லை.

“பேரைச் சொல்லுப்பா. எழுதினாத்தான் நீ இங்க இருக்கலாம்.”

“சொல்ல மாட்டேன்.”

“ஏன், இடம் வேண்டாமா?”

“எங்க அப்பனைப் புதைச்ச இடம் இது. என்னோடதை நீ எப்படி எனக்குக் குடுப்ப?”

பக்கத்தில் நின்ற தளபதியின் கை வாளுக்குப் போயிற்று. கூட்டம் அப்படியே நின்றது. செங்கோடன் குருவைத் திரும்பிப் பார்த்தான், ஏதாவது சொல்வார் என்று. அவர் தேனெடுக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது வெட்கமாகி, அவனால் தலைநிமிர முடியவில்லை.

ஓலையைக் குறுக்கே கிழித்தான்.

“படையைத் திருப்பிக் கூட்டிட்டுப் போ” என்று தளபதியிடம் சொன்னான். “யாரும் எங்கயும் போக வேண்டாம்.”

பிறகு தேனெடுக்கிறவனிடம் கேட்டான்:

“நான் இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா, ஐயா?”