பேரிக்காய் தின்ன குதிரை

ஒரு ஊர்ல ஒரு கோமாளி இருந்தானாம். இங்க இல்ல குட்டி, ரொம்ப தூரத்துல, சீன தேசத்துல. பேரு பாவோ. மூக்கு மேல மட்டும் வெள்ளைச் சாயத்தை அப்பிக்கிட்டு, கூத்துல எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன். ம் சொல்லு. அவன்கிட்ட ஒரு கிழட்டுக் குதிரை. மேடையில சண்டைக்குப் போறதும் அதான், கல்யாணத்துக்குப் போறதும் அதான்.

அப்புறம் ஒரு நாள் ராஜாவோட பேரிக்காய்த் தோட்டத்துல கூத்து. நீ மாம்பழத்தைப் பார்த்தா என்ன பண்ணுவே? அதேதான்! ராஜா பார்க்கப் பார்க்க, கறுக் மொறுக், கறுக் மொறுக்னு ஒரு மரத்தையே காலி பண்ணிடுச்சு குதிரை.

"பிடிச்சுக் கட்டுங்கடா அதை!"ன்னாரு ராஜா.

பாவோ ஓடிவந்து கால்ல விழுந்தான். "மகாராஜா, அது எனக்குப் பிள்ளை மாதிரி."

"அப்படியா? நீ கூத்தாடிதானே? மலை, ஆறு, குதிரை எதுவும் இல்லாம மூணையும் என் கண்ணுக்குக் காட்டு. ஒண்ணையாவது நான் நம்பிட்டா, கூட்டிட்டுப் போ. இல்லேன்னா அது என் லாயத்துக்கு."

முதல்ல மலை. பாவோ மேசை மேல நாற்காலியைப் போட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்க ஏறினான். உச்சியில நின்னு கீழே பார்த்து வெடவெடன்னு நடுங்கினான்.

"மேசைதானே அது?"ன்னாரு ராஜா.

அப்புறம் ஆத்துக்கு ஒரு துடுப்பை எடுத்தான். இல்லாத படகுல, கூட ஆடுற ருவோ அக்கா ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். அவ தாழ, இவன் உயர, சளக் புளக், சளக் புளக். ராஜா மெல்ல காலைத் தூக்கி ஆசனத்து மேல வச்சுக்கிட்டாரு.

"நனைஞ்சிடுச்சா மகாராஜா?"ன்னான் பாவோ.

"சே சே, முட்டி வலி!"

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ குஞ்சம் வச்ச சாட்டையைக் கையில எடுத்தான் பாவோ. இல்லாத குதிரை மேல தாவி ஏறி, டக்கு டக்குன்னு மேடையை ஒரு சுத்து சுத்தினான். அவ்வளவுதான், கூத்துக் கணக்குல நூறு காதம் போயாச்சு! இறங்கி, இல்லாத மரத்துல கட்டியும் போட்டான். அந்த நேரம் பார்த்து, ஓரமா கட்டியிருந்த நிஜக் குதிரை 'ஹிஹிஹீ'ன்னு கனைச்சுது. எல்லாம் மறந்து அதைப் பார்க்கக் கிளம்பின பாவோ, தான் கட்டின குதிரைக்கு ஊடாவே விறுவிறுன்னு நடந்துட்டான்! ருவோ அக்கா தலையில கை வச்சுக்கிட்டா. கூத்துல அதைவிடப் பெரிய தப்பு கிடையாதே.

ராஜா துள்ளி எழுந்தாரு. "யோவ், கண்ணு தெரியலையா? குதிரை மேல முட்டுறியே!"

அக்கா மெதுவா கேட்டா, "எந்தக் குதிரை, மகாராஜா?"

ராஜா நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. அப்புறம் சிரிச்சு, தன் கையாலேயே பாவோவோட குதிரையை அவிழ்த்துவிட்டாரு. போறப்ப அது இன்னொரு பேரிக்காயையும் கவ்விக்கிட்டுத்தான் போச்சு.

அவங்க வீடு போய்ச் சேர்ந்தாச்சு, கதையும் சேர்ந்தாச்சு. சாமியைக் கும்பிட்டுக் கண்ணை மூடு, குட்டி.