காட்டினால் சாகும் ஓட்டு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். எப்படியோ சுயேச்சையாக ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனேன்.

மாநிலங்களவைக்கு எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பது எங்கள் ஓட்டுதான். வேட்பாளரான மில் முதலாளி தாண்டவமூர்த்தி என்னைக் கூப்பிட்டு மிரட்டினார்.

"எனக்குப் போட்டு, சீட்டை என்கிட்ட காட்டிட்டுத்தான் பெட்டியில போடணும். இல்லே, ஊர் போய்ச் சேர மாட்டே."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"காட்டுறேங்க ஐயா. ஆனா சுயேச்சை யாருக்குக் காட்டினாலும் அந்த ஓட்டு செல்லாதாம். உங்க ஓட்டை நீங்களே சாகடிக்கலாமுங்களா?"

"ஐயையோ, காட்டித் தொலைக்காதே!" என்று அலறினார்.

மறைவில் எதிராளிக்குப் போட்டேன். தாண்டவமூர்த்தி ஒரே ஓட்டில் தோற்றார். கட்சிக்காரர்கள் தங்கள் கட்சி ஏஜெண்டிடம் காட்டிப் போட்டதால், என்னையும் சேர்த்துச் சுயேச்சைகள் ஆறு பேர்மீதும் சந்தேகம் விழுந்தது.

முதல் ஆளாக அவர் வீட்டுக்கு ஓடி, "எந்தப் பாவிங்க ஐயா உங்களைக் கவுத்தது?" என்று ஓவென்று அழுதேன். அவரே தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்.