எல்லாவற்றுக்கும் சரி சொன்ன நரி

வேங்கைமேட்டுக் காட்டில் பொறையன் என்று ஒரு நரி இருந்தது. நரி என்றாலே தந்திரம் என்பார்கள். பொறையனுக்குத் தந்திரம் சுட்டுப் போட்டாலும் வராது. யார் எது கேட்டாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

“பொறையா, உன் குகையில நான் படுத்துக்கட்டுமா?” என்று கரடி கேட்கும்.

“சரிங்க அண்ணே! நான் வெளியில படுத்துக்கிறேன்!”

“பொறையா, நீ பிடிச்ச நண்டுல பாதி குடேன்!” என்று கீரி கேட்கும்.

“சரிங்க! முழுசாவே எடுத்துக்குங்க!”

இப்படி ஒருவன் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? “தங்கமான குணம்!” என்று காடே மெச்சியது. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொல்கிறேன். பொறையன் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே தாயை இழந்தது. ஒரு கழுதைப்புலி அதைத் தன் குகைக்குத் தூக்கிப் போய் வளர்த்தது. வளர்த்தது என்று வாய்க்குச் சொல்கிறோம், உண்மையில் இரண்டு வருஷம் கடித்தது. இரை கிடைக்காத நாளில், கிடைக்கவில்லையே என்று கடித்தது. கிடைத்த நாளில், குட்டி மெதுவாகத் தின்கிறதே என்று கடித்தது. அழுதால் அதற்கு ஒரு கடி.

பாவம், குட்டி என்ன செய்யும்? குகைக்கு வெளியே கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே, வருவது கடிக்க வருகிறதா, தூங்க வருகிறதா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது. கழுதைப்புலி வாய் திறப்பதற்கு முன்பே “சரி மாமா!” என்று சொல்லவும் கற்றுக்கொண்டது. அப்படிச் சொன்னால் சில நாள் கடி விழாது.

ஒரு மழைக்காலத்தில் கழுதைப்புலி செத்தது. பொறையன் பிழைத்து வெளியே வந்துவிட்டது. ஆனால் அந்தச் ‘சரி’ அதன் வாயிலேயே ஒட்டிக்கொண்டது.

சில வருஷம் கழித்து ஒரு பொல்லாத கோடை வந்தது. காடே தண்ணீர் குடிக்கும் பாறைக்குளம் வற்றி, நடுவில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சியது. கோடையில் அங்கே முறை வைத்துத்தான் குடிப்பார்கள். குட்டிகளோடு வருகிறவர்களுக்குக் காலை. பன்றி, எருமை மாதிரி கனத்த உடம்புக்காரர்களுக்கு உச்சி வெயில். அவர்கள் இறங்கினால் தண்ணீர் கலங்கிவிடும் அல்லவா? கரைப் பாறையில் முறைகாரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லுக்கு யானைகூடக் கட்டுப்படும்.

“இந்த வருஷம் யாரை முறைகாரர் ஆக்கலாம்?”

“பொறையனைத்தான்! யாரோடும் சண்டைக்குப் போகாதவன்!”

பொறையனைக் கேட்டார்கள். அது என்ன சொல்லும்? “சரிங்க!” என்றது. பயத்தைப் பார்த்துப் பண்பு என்று நினைத்துவிட்டது காடு.

முதல் நாளே ஓர் ஆள்காட்டிக் குருவி வந்தது. மரம் ஏறிக் கூடு கட்டுகிற பழக்கம் ஆள்காட்டிக்குக் கிடையாது. வடக்குக் கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை இட்டிருந்தது.

“தம்பி, பன்றிக் கூட்டத்தைத் தெற்குக் கரையால அனுப்பு. வடக்கால வந்தா என் முட்டையில ஒண்ணும் தேறாது!”

“சரிங்க அக்கா!”

மறுநாள் விடிந்ததும் கட்டையன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு வந்து நின்றது.

“தொண்டை வறளுதுப்பா! உச்சி வரைக்கும் யாரு காத்துக்கிடக்கிறது? இப்பவே இறங்குறோம். சுத்திப் போக முடியாது, இந்த வடக்குக் கரையாலேயே இறங்குறோம். என்ன சொல்ற?”

கட்டையன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. உடனே பொறையனின் காது மடிந்தது, வால் காலுக்கு நடுவே போனது. முட்டைகளின் ஞாபகம் வந்தது. வாய்தான் வரவில்லை.

“சரிங்க அண்ணே!”

பன்றிகள் திமுதிமுவென்று இறங்கின. தண்ணீர் சேறானது. மான்குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பின. நான்கு முட்டைகளில் இரண்டு கூழாயின.

ஆள்காட்டி பறந்து வந்து பொறையனின் முகத்துக்கு நேரே கத்தியது. “நேத்து எனக்குச் சரின்னே! இன்னைக்கு அவனுக்குச் சரின்னே! உனக்கு நாக்கு ஒண்ணா, ரெண்டா?”

“சரிங்க அக்கா, என் தப்புதாங்க அக்கா!” என்று பொறையன் தரையோடு தரையாக ஒடுங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. கடி எங்கே விழுமோ என்று காத்திருந்தது.

தன் தலை அளவுகூட இல்லாத பறவையைப் பார்த்து ஒரு நரி இப்படி நடுங்குமா? ஆள்காட்டி கத்துவதை நிறுத்தியது.

“யாருடா உன்னை இப்படிப் பண்ணினது?”

அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பொறையன் கழுதைப்புலியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னது. சொல்லிவிட்டு ஓவென்று அழுதது. அழுததற்குக் கடி விழவில்லை.

ஆள்காட்டி மெதுவாகச் சொன்னது. “எனக்கு உன்மேல இரக்கமும் இருக்கு, கோபமும் இருக்கு. உன்னைக் கடிச்சது அந்தப் பாவி. அதுல உன் தப்பு ஒண்ணுமில்ல. ஆனா என் முட்டை உடைஞ்சது நீ சொன்ன சரியால. இன்னும் ரெண்டு இருக்கு. முட்டையை நான் தூக்கிட்டுப் போக முடியாது. நாளைக்கு அவன் வந்தா முடியாதுன்னு சொல்லு!”

“சரிங்க அக்கா!”

“பார்த்தியா, மறுபடியும்! இந்தா, இந்தப் புழுவைத் தின்னு!”

“சரிங்க!”

“உனக்குப் புழு பிடிக்குமா?”

“ஐயோ, குமட்டும்!”

“அப்ப என்ன சொல்லணும்?”

பொறையன் நாலு பக்கமும் பார்த்தது. “வே… வேண்டாம்!” என்றது. சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தது. வானம் இருந்த இடத்திலேயே இருந்தது! அன்று பொழுது சாயும்வரை ஆள்காட்டி புழு நீட்டிக்கொண்டே இருந்தது. பொறையன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடியலில் பன்றிகளின் காலடிச் சத்தம் கேட்டது. பொறையன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டது. கடிக்க வருகிற கால் எப்படி வரும் என்று அதற்குத் தெரியாதா? இரண்டு வருஷம் படித்த பாடம்! இந்தக் கால் தடதடவென்று வந்தது, நின்றது, புல்லை மோந்தது, மறுபடியும் வந்தது. ‘அட, இது கடிக்க வருகிற கால் இல்லை! தாகத்தில் வருகிற கால்!’ என்று பொறையன் கண்டுகொண்டது.

பாறையிலிருந்து குதித்து, முட்டைகளுக்கு முன்னால் போய் நின்றது.

“என்னப்பா, இறங்கலாமா?” என்றது கட்டையன்.

“முடியாதுங்க அண்ணே! உங்க முறை உச்சி வெயில்ல. வழி தெற்குக் கரை!”

“என்னது?” என்று கட்டையன் உறுமிக்கொண்டு இரண்டடி முன்னே வந்தது.

பொறையனுக்கு நாலு காலும் வெடவெடத்தன. வாய் ‘முடியாது’ என்றது, வால் மட்டும் இன்னும் ‘சரி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அது நகரவில்லை.

“முடியாது! இங்க முட்டை இருக்கு! நேத்து ரெண்டு உடைஞ்சுபோச்சு!”

கட்டையன் குனிந்து பார்த்தது. கூழாங்கற்களுக்கு நடுவே இரண்டு முட்டைகள். பக்கத்தில் உடைந்த ஓடு.

“அடப்பாவி! இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! நீ முடியாதுன்னா நான் என்ன உன்னைத் தின்னுடப்போறேனா? நீ சரின்னதாலதானே இறங்கினேன்!”

கட்டையன் முணுமுணுத்துக்கொண்டே கூட்டத்தைத் திருப்பியது. பொறையன் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தையை நேற்றே சொல்லியிருந்தால் நான்கு முட்டையும் இருந்திருக்கும்.

அன்று மான்குட்டிகள் தெளிந்த தண்ணீர் குடித்தன. சில நாளில் இரண்டு முட்டைகளிலிருந்தும் குஞ்சுகள் வந்தன. பொறையனின் நடுக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. அந்தக் கோடை முழுவதும் அது நடுங்கிக்கொண்டேதான் ‘முடியாது’ என்றது. ஆனால் ஒரு நாளும் சொல்லாமல் விடவில்லை.

சிறு வயதில் பட்ட கடி நம் குற்றம் அல்ல என்றாலும், அது கற்றுக்கொடுத்த பயத்தை வளர்ந்த பிறகும் விடாமல் வைத்திருந்தால் அடுத்தவர் பலியாவார் என்பதால், அந்தப் பயத்தை எதிர்த்து நிற்கப் பழகுவது நம் கடமை.