ஃபேன் வயரில் வந்த குரல்

"சாமி, உங்க குரலை வசந்தாமணி கெடுத்துப்போட்டாங்க."

வந்ததும் வராததுமாக ராக்கியண்ணன் இதைத்தான் சொன்னார். செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை.

சிவமலைச் சாமி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. போன வருடம் தொண்டையில் கட்டி என்று அறுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது.

இந்தச் சாமி காவி கட்டியவர் அல்ல. ஒரு காலத்தில் கோபிப் பக்கம் கல்லூரிப் பேருந்து ஓட்டியவர். என்ன கண்டாரோ, ஒருநாள் சாவியைக் கொடுத்துவிட்டு வாய்க்கால் கரையில் ஓர் ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். கேட்கச் சனம் வரும். அந்த வீட்டுக்கு மடம் என்று பேராகிவிட்டது.

ராக்கியண்ணன் சாமியைவிட நன்றாக மூத்தவர். மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர் சீடராக வருவதில் ஒரு சங்கடம் உண்டு. காலில் விழுந்து எழுந்த கையோடு யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்.

"கோயமுத்தூர்ல ஒரு ஸ்டுடியோ இருக்குதுங்க சாமி. கெட்டுப்போன பதிவையெல்லாம் சுத்தம் பண்ணித் தருவாங்களாம். கேட்டுப் பாக்கட்டுங்களா?"

சாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"அந்த அம்மிணி போன்ல இருந்ததையும் அழிச்சுப்போட்டாங்க. ஒண்ணு தெரியோணும், இல்லீன்னா தெரிஞ்சவங்களைக் கேக்கோணும். ரெண்டும் இல்லீங்க."

சாமி கூடத்தின் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். போடச் சொல்கிறார்.

ராக்கியண்ணனுக்கு வருத்தமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தை மறுபடியும் கேட்க வேண்டுமா?

நடந்தது இதுதான்.

சாமிக்குக் குரல் இருந்த காலத்தில் அதைப் பிடித்து வைத்தவர் வசந்தாமணி ஒருவர்தான். சந்தைக்கடை வீதியில் தையல் கடை வைத்திருக்கிறார். வாராவாரம் முன்வரிசையில் போனை வைத்துப் பதிவு செய்துகொண்டே இருந்தார். அப்போது எல்லோரும் கேலி செய்தார்கள். சாமி பேச முடியாமல் போன பிறகு அந்தப் போனைச் சுற்றித்தான் சபையே உட்கார்ந்தது. போனை எவர்சில்வர் சொம்புக்குள் வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடும். சொம்புக்குள்ளிருந்து சாமி பேசுவார்.

போனில் இடம் தீர்ந்துபோனது. வசந்தாமணி எல்லாவற்றையும் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கிருந்து மடத்துக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். பிறகு போனில் இருந்ததை அழித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ராக்கியண்ணன் புறப்பட்டார்.

"சாமி குரலுக்குச் சொம்பா? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கறேன்?"

சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ரிசீவர் ஒன்று, வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்தது, வீட்டில் இருந்தது. அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தன. எல்லாவற்றையும் மடத்துக்குக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கிற பச்சைத் துளையில் ஒரு முனை. ரிசீவரின் முதுகில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு முனை. ரிசீவரிலிருந்து பெட்டிகளுக்குப் போகும் வயர் எட்டவில்லை. கடையில் ஃபேனுக்குப் போடுகிற முறுக்கு வயரை வாங்கிவந்து இழுத்தார். இரண்டு இழையும் ஒரே நிறம்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. ராக்கியண்ணன் ரிசீவரின் குமிழைத் திருப்பினார்.

குரல் வந்தது. ஆனால் சாமியின் குரலாக வரவில்லை. அடியே இல்லாமல், சளி பிடித்த ஆள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

ஒரு பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த சென்னியப்பன் மட்டும், "எனக்கு நல்லாத்தான கேக்குது?" என்றார்.

"உனக்குக் காது மந்தம். சும்மா இரு" என்றார் ராக்கியண்ணன்.

பிறகு வசந்தாமணி பக்கம் திரும்பினார்.

"ஏனம்மிணி, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க? சாமிக்குத் தொண்டை ஒருக்கா போச்சு. நீங்க ரெண்டாந்தடவை போக்கிப்போட்டீங்க."

சபை முழுக்கக் கேட்டது. வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அழுகையை அடக்கத்தான் பொத்தினார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்தது. ராக்கியண்ணனுக்கும் தெரிந்தது. தப்புப் பண்ணினவர்கள் அழட்டும் என்று விட்டுவிட்டார்.

இப்போது கூடத்தில் அவரும் சாமியும் மட்டும்தான்.

ராக்கியண்ணன் பதிவைப் போட்டார். அதே கிணற்றுக் குரல்.

"கேட்டீங்களா சாமி?"

சாமி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு போய் இடப்பக்கத்துப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தார். காதைப் பெட்டியோடு வைக்கச் சொல்லிக் காட்டினார்.

ராக்கியண்ணன் வைத்தார்.

குரல் முழுசாக இருந்தது. சாமியின் பழைய குரல். இருமிவிட்டுத் தொடங்குவாரே, அந்த இருமல்கூட அப்படியே இருந்தது.

சாமி அவரை எழுப்பினார். வலப்பக்கத்துப் பெட்டிக்குக் கூட்டிப்போனார்.

அங்கேயும் முழுசாக இருந்தது.

மறுபடியும் எழுப்பினார். இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிறுத்தினார்.

குரல் இல்லை. மிச்சம் மீதிதான் இருந்தது.

தினமும் கூடத்தைப் பெருக்குகிற சாமிக்கு இது எப்படித் தெரிந்தது என்று ராக்கியண்ணன் யோசிக்கவில்லை. அவர் வேறொன்றை யோசித்துவிட்டார்.

வலப்பக்கத்துப் பெட்டியைத் திருப்பினார். பின்னால் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு கவ்விகள். வயரை இழை இழையாகப் பிடித்துக்கொண்டு ரிசீவர் வரைக்கும் போனார். ரிசீவரின் சிவப்புக் கவ்வியில் கிளம்பிய இழை பெட்டியின் கறுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது.

இடது சரி. வலது தலைகீழ். ஒரு பெட்டி முன்னால் தள்ளுகிற நேரத்தில் இன்னொன்று பின்னால் இழுக்கிறது. போனில் பிடித்த குரல் இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி வருவதால், நடுவில் சேர்கிற இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது.

பல்புக்கும் ஃபேனுக்கும் எந்த இழை எந்தப் பக்கம் போனாலும் வேலை செய்யும். மில்லில் காலமெல்லாம் அப்படித்தான் மாட்டினார். அந்தக் கைப்பழக்கம் இங்கேயும் வந்து மாட்டிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைச் சொல்லவில்லை, கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைச் சொன்னார்.

ராக்கியண்ணன் நிமிரவில்லை. குனிந்தபடியே இழைகளை மாற்றிப் போட்டார்.

"கொஞ்சம் நவுந்து உக்காருங்க. வெயில்ல நிக்கறாங்க பாருங்க. அக்கட்டால இடம் கெடக்குதல்ல?" என்று சாமியின் குரல் கூடத்தின் நடுவில் எழுந்து நின்றது.

என்றைக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சைத் தொடங்குமுன் சொன்னது. சாமி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கை தன்னால் தொண்டைக்குப் போனது. ராக்கியண்ணனால் அதைப் பார்க்க முடியவில்லை.

ராக்கியண்ணன் பெட்டியைப் பழையபடி திருப்பி வைத்தார்.

"செரியாயிருச்சுங்க சாமி."

சாமி பார்த்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழமை எல்லாரும் நல்லாக் கேக்கலாம். என்னாச்சு ஏதாச்சுன்னு யாரு கேக்கப்போறாங்க? செரியாயிருச்சுன்னா செரியாயிருச்சுங்க."

சாமி குனிந்தார். வலப்பக்கத்துப் பெட்டியின் பின்னால் இருந்த இரண்டு இழைகளையும் பிடுங்கினார். சிவப்பில் இருந்ததைக் கறுப்பிலும், கறுப்பில் இருந்ததைச் சிவப்பிலும் போட்டார்.

குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

"மாத்திப் போட்டுட்டீங்க சாமி. இப்படி இல்லீங்க." ராக்கியண்ணன் அவசரமாகத் திருத்தினார்.

சாமி மறுபடியும் பிடுங்கி மாற்றினார்.

ராக்கியண்ணன் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"சாமி, இந்த வயசுல என்னால ஆகாதுங்க. மில்லுல அத்தனை மோட்டாரு பாத்தவன்னு ஊர்ல ஒரு பேரு இருக்குதுங்க. ஃபேன் வயரை மாட்டத் தெரியலீன்னு சபையில எப்படிச் சொல்றதுங்க?"

சாமி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெருக்கப் போய்விட்டார்.

"அந்த அம்மிணி வீட்டுக்குப் போயிச் சொல்லிப்போடறனுங்க. அது போதுமல்லங்க?"

சாமி திரும்பாமல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார் ராக்கியண்ணன். பழமொழியில் சறுக்கிய யானை பக்கத்தில் நின்ற ஆட்டை மிதிக்கவில்லையே என்று உள்ளே ஏதோ ஒன்று பதில் சொன்னது. தையல் கடைக்குப் பின்னால்தான் வசந்தாமணியின் வீடு. வாசலில் நின்று இருமினார்.

வசந்தாமணி வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது ராக்கியண்ணனுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. திட்டு வாங்கினவள் பயப்படுகிறாள், திட்டினவனைப் பார்த்து.

"வாங்கண்ணா. இன்னும் எதாவது கெட்டுப்போச்சுங்களா?"

"கம்ப்யூட்டர் எங்கீங்கம்மிணி இருக்குது?"

"உள்ள இருக்குதுங்க. அன்னிக்கு வந்ததுலருந்து நான் அதைத் தொடவே இல்லீங்கண்ணா. போட்டு, அதுலயும் அப்படியே வந்துருச்சுன்னா? அந்த வெசனத்துல சோறே எறங்கலீங்க."

மகள் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ராக்கியண்ணன் போடச் சொன்னார். வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார்.

சாமி இருமினார். பிறகு பேசத் தொடங்கினார். சின்னக் குரல்தான், ஆனால் அவருடைய குரல்.

வசந்தாமணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

"கெடலீங்களா?"

"கெடலீங்க. மடத்துல இருக்கறதும் கெடல. நாந்தான் வயரைத் தலைகீழா மாட்டிப்போட்டேன். என் கை பண்ணின தப்பு. மன்னிச்சுக்குங்க அம்மிணி."

ராக்கியண்ணனுக்கு நெஞ்சு லேசானது. வந்த வேலை முடிந்தது என்று எழுந்தார். காப்பி தருவார்கள், குடித்துவிட்டுப் போகலாம் என்றுகூட நினைத்தார்.

வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, இது அவங்களுக்குத் தெரியுங்களா?"

"யாருக்குங்க?"

"அன்னிக்கு அங்க இருந்தவங்களுக்கு. கடைக்குத் துணி குடுக்க வர்றவங்கல்லாம் அதையே கேக்கறாங்க. சாமி குரலை அழிச்சுட்டயாமாங்கறாங்க."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். காப்பி வந்தது. ராக்கியண்ணன் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. வசந்தாமணியும் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டார். அவரைத் தாண்டி வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார்கள்.

சாமி மாற்றிப் போட்ட வயர் அப்படியே இருந்தது.

பதிவைப் போட்டார்கள். கிணற்றுக் குரல் வந்தது.

"கெட்டது கெட்டதுதானுங்க. இனி என்ன பண்ணி என்ன?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ராக்கியண்ணன் சாமியைப் பார்த்தார். ஏதாவது ஒரு சைகை வரும் என்று காத்திருந்தார். சாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

ராக்கியண்ணன் எழுந்தார். வலப்பக்கத்துப் பெட்டியைச் சபைக்கு முதுகு காட்டும்படித் திருப்பி வைத்தார்.

"பதிவு கெடலீங்க. இந்த வயரை நான் மாத்தி மாட்டிப்போட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சென்னியப்பன் அன்னிக்கே நல்லாக் கேக்குதுன்னான். காது மந்தம்னுட்டேன். மந்தம் எனக்குத்தான்."

தலை குனிந்தபடியே தொடர்ந்தார்.

"வசந்தாமணி அம்மிணியை இதே எடத்துல வெச்சு ஒரு வார்த்தை சொன்னேன். சாமிக்குத் தொண்டை ஒருக்கா போச்சு, நீங்க ரெண்டாந்தடவை போக்கிட்டீங்கன்னு. சொல்லக் கூடாத வார்த்தைங்க. போக்கினது நாந்தானுங்க. ரெண்டு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யாருக்கும் தெரியாமச் செரி பண்ணிப்போடலாம்னு பாத்தேன். நான் எப்பேர்ப்பட்டவன்னு எனக்கே இப்பத்தானுங்க..."

இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். இத்தனை பேர் முன்னால் இவ்வளவு கீழே இறங்கியாகிவிட்டது. இனி அந்த அம்மாள் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அதற்காக நின்றார்.

அவருக்குப் பின்னால் பெட்டிகள் இரண்டும் இன்னும் கிணற்றுக் குரலில் முனகிக்கொண்டிருந்தன.

வசந்தாமணி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாங்கண்ணா. மொதல்ல வயரை மாட்டுங்க. சாமி என்ன சொல்றாங்கன்னே கேக்க மாட்டேங்குது."