இரண்டில் எதை அனுப்புவது

"ரெண்டுல எதை அனுப்பட்டும்? நீங்களே சொல்லிடுங்கம்மா," என்றார் தணிகாசலம்.

வணக்கம் சொல்லவில்லை. குன்று ஏறி வந்த மூச்சு கூட அடங்கவில்லை. கேட்டுவிட்டார்.

பாறையம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். குன்றின் மேலே, ஒரு பெரிய பாறையின் ஒதுக்கில் அவருக்கு ஒற்றை அறை. தணிகாசலத்துக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். எங்கிருந்து வந்தார், யாரிடம் படித்தார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் பதில் வரும் என்று மட்டும் தெரியும். சில சமயம் வராது. அதையும் பதிலாக எடுத்துக்கொண்டு இறங்கிப் போனவர்கள் உண்டு.

"எந்த ரெண்டுல?"

"என் நாய்ங்கள்ல."

"உக்காருங்க அய்யா."

உட்கார்ந்தார்.

பெரியது ராஜு. தணிகாசலம் பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் வந்தது. சின்னது சிட்டு. மழையில் சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டிருந்ததை மடியில் போட்டுக்கொண்டு வந்தார். இது போக பூந்தி என்று ஒரு பூனை. பூந்தி பீரோவுக்கு மேலே ஏறிப் பல மாதம் ஆகிறது. சோறு, தண்ணீர் எல்லாம் அங்கேயேதான்.

"கீழ இறங்காதா?"

"ராஜு விடமாட்டான். என் கால்ல வந்து உரசும் பாருங்க, அது அவனுக்கு ஆகாது."

"சிட்டு?"

"அவ என் பக்கத்துல வந்தாலே உறுமுவான். சோத்துக்கு உறுமினா பரவாயில்லம்மா, தட்டைத் தள்ளித் தள்ளி வெச்சுடலாம். இவன் எனக்கு உறுமறான். முந்தாநாள் அவ காதைப் பிச்சுட்டான். முன்னங்காலையும் கடிச்சு நொறுக்கிட்டான். விலக்கப் போன என் சம்சாரம் கையில ஆறு தையல்."

"மிருக டாக்டர் என்ன சொல்றாரு?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணுக்கு ஊசி போட்டு முடிச்சுடலாம்னு சொல்றாரு. பெருசு இனிமே அடங்காது. சிறுசு அந்தக் காலோட தெருவுல பொழைக்காது, யாரும் வாங்கிக்கவும் மாட்டாங்க. எதுக்குன்னு முடிவு பண்ணிட்டு போன் பண்ணுங்கன்னுட்டாரு. நான் எப்படிம்மா முடிவு பண்ணுவேன்? ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா?"

"சத்தியமா. ஒரு பொறை பிஸ்கட் இருந்தாலும் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, மடியில வெச்சு, பாதி பாதியா ஒடிச்சுத்தான் கொடுப்பேன். சிட்டுவைத் தடவும்போது கூட ராஜுவைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். பாவம், ஏங்கிடுவான்ல?"

பாறையம்மா ஒரு கொத்துக் கீரையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உருவுங்க. இங்கயே இருங்க கொஞ்ச நாள்."

"எதை அனுப்பறதுன்னு..."

"முத்தின காம்பைத் தனியாப் போடுங்க."

*

வீட்டுக்கு போன் போட்டார். மனைவி பட்டம்மாள் எடுத்தாள்.

"ஒத்தக் கையை வெச்சுக்கிட்டு நான் எப்படி இதுங்களைப் பாத்துக்கறது?"

"அம்மா இருக்கச் சொல்லிட்டாங்க."

"எந்த அம்மா?"

"பாறையம்மாதான்."

"அப்படியா," என்றாள் பட்டம்மாள். "ஒரு நிமிஷம் பயந்துட்டேன். உங்கம்மா போட்டோவுலேருந்து இறங்கி வந்துட்டாங்களோன்னு."

தணிகாசலம் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். பாறையம்மா நிமிர்ந்து பார்க்கவும், சொல்ல வேண்டியதாயிற்று.

"எங்கம்மாவுக்கும் இவளுக்கும் ஆகாது. இருபது வருஷம் ஒரே சமையல்கட்டு, ரெண்டு அடுப்பு."

"எதுக்கு ரெண்டு?"

"எனக்கு யாரு சோறு போடறதுன்னு போட்டிதான். எங்கம்மா ஒரு மீன் கொழம்பு வெப்பாங்க, இவ ஒண்ணு வெப்பா. ரெண்டு கிண்ணமும் என் முன்னால வந்துடும். ரெண்டு பேரும் நின்னு என் வாயையே பாத்துக்கிட்டிருப்பாங்க."

"நீங்க?"

"ரெண்டையும் சாப்பிடுவேன். எது ருசின்னு ஒருநாளும் வாயைத் திறந்ததில்ல. நம்மால எதுக்கு வீட்ல சண்டைன்னு."

சொல்லிவிட்டு அவரே மறுபடியும் சிரித்தார்.

பாறையம்மா சிரிக்கவில்லை. கீரைச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

குன்றின் மேலேயும் இரண்டு நாய்கள் உண்டு. ஒன்று செம்பட்டை நிறம். இன்னொன்றுக்கு ஒரு கண் வெளுத்திருக்கும். இரண்டுக்கும் பேர் கிடையாது. பாறையம்மா மீந்த சோற்றைப் பாறைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் வைப்பார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அவையும் தின்றுவிட்டு ஆளுக்கொரு நிழலில் படுத்துக்கொள்ளும்.

தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை.

"பேரில்லாம எப்படிம்மா கூப்பிடறது?"

"நான் கூப்பிடறதில்லையே அய்யா."

இதென்ன வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டார். வாயை விட்டுச் சொல்லவில்லை. செம்பட்டைக்குச் செவலை என்றும், கண் வெளுத்ததற்கு முத்து என்றும் அவரே பேர் வைத்தார். அடிவாரத்து டீக்கடையில் ஒரு பை நிறையப் பொறை வாங்கி வந்தார். ஒரு தடவை தலையைத் தடவிக் கொடுத்தால் போதும், செவலை அவர் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வந்தது. முத்து கொஞ்சம் கூச்சம். அதையும் விடாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிட்டே வரப் பழக்கிவிட்டார்.

பாறையம்மா பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

வீட்டுக்கு போன் போடுவது மட்டும் நிற்கவில்லை.

"சண்டையா?"

"இல்ல."

"கொஞ்சம் கூடவா?"

"இல்லன்னு சொல்றேன்ல. சிட்டு நொண்டி நொண்டி நடக்குது. பூந்தி இறங்கி அடுப்படிக்கு வந்துடுச்சு."

"ராஜு?"

"தூங்கறான்."

"என்னைத் தேடறானா?"

"நீங்க போன மறுநாள் வாசல்லயே படுத்துக் கெடந்தான். அதுக்கப்புறம் இல்ல."

தணிகாசலம் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நீ மறைக்கிற பட்டு. அங்க சண்டை நடக்குது. நான் கவலைப்படுவேன்னு சொல்லமாட்டேங்கற."

"எனக்கு எதுக்குங்க பொய்? இப்பத்தான் வீடு வீடா இருக்கு." பட்டம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. இன்னொரு தடவை அதுங்க பல்லைக் காட்டிக்கிச்சுன்னா உங்களைக் கேக்கமாட்டேன். நானே டாக்டருக்கு போன் பண்ணிடுவேன். இன்னொரு தையலைத் தாங்க என் உடம்புல தெம்பு இல்ல."

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷமான சேதிதானே, பின்னே ஏன் இறங்கவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை.

*

வெயில் தாழ்ந்த நேரம். பாறை மேல் உட்கார்ந்து பொறையை ஒடித்தார். செவலை அவர் முழங்காலில் தாடையை வைத்துப் படுத்திருந்தது.

"முத்து, வாடா," என்றார். "நீயும் வா."

முத்து வந்தது.

செவலை தலையைத் தூக்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. தணிகாசலத்துக்குப் பழகிய சத்தம்.

"சும்மா இருடா. அவனும் என் பிள்ளைதான்," என்று முத்துவின் தலையில் கை வைத்தார்.

அவ்வளவுதான். இரண்டும் ஒன்றாய் உருண்டன. மண்ணும் மயிரும் பறந்தன. அவர் எழுந்து நின்று "செவலை, செவலை" என்கிறார், "முத்து, விடுடா" என்கிறார். பேரைச் சொல்லச் சொல்லப் பிடி இறுகுகிறது.

பாறையம்மா வந்தார்.

நாய்களிடம் போகவில்லை. தணிகாசலத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அறைக்குள் விட்டு, தானும் நுழைந்து, கதவைச் சாத்தினார்.

"அம்மா, அதுங்க செத்துடும்மா. கதவைத் திறங்க."

பாறையம்மா கதவில் சாய்ந்து நின்றார்.

வெளியே ஒரு குரைப்பு. பிறகு ஒரு முனகல். பிறகு எதுவுமில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். முத்து தன் நிழலுக்குத் திரும்பிப் போய் விலாவை நக்கிக்கொண்டிருந்தது. செவலை கால் நீட்டிப் படுத்திருந்தது.

"நான் இந்தக் குன்றுக்கு வர்றதுக்கு முன்னாடியே இந்த ரெண்டும் இங்க இருக்குது அய்யா," என்றார் பாறையம்மா. "இன்னிக்குத்தான் ரத்தம்."

தணிகாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாசமாத்தானம்மா இருந்தேன்."

"ஆமா."

"ரெண்டுக்கும் சமமாத்தானே கொடுத்தேன்."

"கொடுத்தீங்க."

"அப்புறம் ஏம்மா?"

"செவலை உறுமிச்சு பாருங்க. அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு."

"பயம் அப்புறம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி?"

பாறையம்மா அவசரப்படுத்தவில்லை. விளக்கை ஏற்றி, திரியைச் சரிசெய்துவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருந்துச்சும்மா," என்றார் தணிகாசலம்.

சொன்னது தன் வாய்தானா என்பது போல விளக்கையே பார்த்தார். பிறகு கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

*

விடிந்ததும் வாசலைக் கூட்டினார். பொறைப் பையை எடுத்துக்கொண்டு போய் டீக்கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தார். செவலை பின்னால் வந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

"இங்கயே இருந்துடறேம்மா," என்றார். "அதுங்க அங்க பொழைச்சுக் கெடக்கட்டும். பட்டம்மா நல்லாப் பாத்துக்கறா. நான் போனா அதுங்கள்ல ஒண்ணோட உசுரு போயிடும். எனக்கு அது புரியுது."

"புரியுதா?"

"நல்லாவே புரியுது."

"சரி."

"ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன். உள்ள போகமாட்டேன். தெருவுல நின்னு, வேலி வழியா, ஒரு பார்வை."

"போகாதீங்க," என்றார் பாறையம்மா.

"பாக்கத்தானம்மா. பாத்தா என்ன ஆயிடப் போவுது?"

பாறையம்மா முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் இறங்கிப் போனார்.

*

நல்ல உச்சி வெயில். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. காற்று வீட்டுப் பக்கமிருந்து அவர் முகத்துக்கு நேராக வீசியது. அவர் வாசனை உள்ளே போக வழியில்லை. ஆடாதொடை வேலியின் இடைவெளியில் கண்ணை வைத்தார்.

பட்டம்மாள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி, மற்றக் கையால் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடி அவர் கேட்டதே இல்லை.

ராஜு மல்லாந்து கிடந்தது. வயிறு தெரிய, நான்கு காலும் நான்கு பக்கம். அந்த நாய் அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை.

அதன் முதுகில் முதுகை ஒட்டிக்கொண்டு சிட்டு. பிய்ந்த காதில் மஞ்சள் பூசியிருந்தது.

பூந்தி முறத்து விளிம்பில் உட்கார்ந்து, விழுகிற நாரைக் காலால் தட்டித் தட்டி விளையாடியது.

பார்த்தாயிற்று. திரும்பிவிட வேண்டியதுதான். பாறையம்மாவிடம் சொன்ன சொல் அதுதான். காலைக் கூட எடுத்து வைத்துவிட்டார்.

ஒருவர் கண்ணும் வாசல் பக்கம் இல்லை. ஒரு காது கூட அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அவர் எப்போது வருவார் என்று யாரும் காத்துக் கிடக்கவில்லை. அவர் உட்காரும் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் தணிகாசலம் என்று ஒருவர் இருந்ததற்கு அடையாளமே இல்லாதது போல, எல்லாம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை.

தணிகாசலம் கனைத்தார்.

ராஜு துள்ளி எழுந்தது. வேலியை நோக்கி வாலை ஆட்டியது, உடம்பே முறிந்துவிடும் போல அப்படி ஓர் ஆட்டம். சிட்டுவும் மூன்று காலில் எழுந்து ஓடி வந்தது. வேலிக்கு இரண்டடி தூரத்தில் இரண்டின் தோளும் உரசின. ராஜுவின் வால் ஆடிக்கொண்டே இருந்தது. பிடரி மயிர் மட்டும் மெல்ல எழும்பியது.

"ராஜு," என்றார். "வேணாம்டா ராஜு."

பட்டம்மாள் விலக்க ஓடவில்லை. சிட்டுவின் அலறல் கேட்டும் எழுந்திருக்கவில்லை. முறத்தைத் தள்ளி வைத்தாள். போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். காதில் வைத்துக் கொஞ்சம் கேட்டாள். பிறகு, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"டாக்டர் கேக்கறாரு," என்றாள். "ஊசி யாருக்குன்னு."