மூன்று துறை, ஒரே திருப்பம்

ஒரு காட்டாற்றில் ஆமைகள் ஓடம் விட்டன. ஓடம் என்றால் மரத்தால் செய்தது அல்ல, அவற்றின் முதுகுதான்! எலி, அணில், முயல் எல்லாம் அதில் ஏறி அக்கரைக்குப் போகும்.

இதைத் தொடங்கியது மரகதம் என்ற பெண் ஆமை. முதலில் ஒரே துறை, ஆறு ஆமைகள். இரண்டே ஆண்டில் மூன்று துறை, நாற்பது ஆமைகள்! மரகதத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

மேல்துறை ஆமைகள் அக்கரையில் ஆளை இறக்கியதும் இடப்பக்கம் திரும்பும். அது மரகதத்தின் பழக்கம். கீழ்த்துறை ஆமைகள் வலப்பக்கம் திரும்பும். அது அங்கே தலைமை தாங்கிய கொற்றன் என்ற ஆமையின் பழக்கம். நடுத்துறை ஆமைகளோ கரையேறி, நாலு வாய் புல் மேய்ந்துவிட்டுத்தான் திரும்பும்!

“எல்லாத் துறைக்கும் ஒரே முறை வெச்சா என்ன அக்கா?” என்று கேட்டது கொற்றன்.

“எதுக்குப்பா? அவங்கவங்க துறை, அவங்கவங்க இஷ்டம். ஓடம் ஓடுதா இல்லையா?” என்று சிரித்தது மரகதம்.

அந்தக் கோடையில் காடு தீப்பிடித்தது! மேல்துறையும் கீழ்த்துறையும் புகையில் மறைந்தன. மிஞ்சியது நடுத்துறை மட்டும். விலங்குகள் அங்கே ஓடி வந்தன. நாற்பது ஆமைகளும் அங்கே நீந்தி வந்தன.

மரகதத்தின் முதுகில் ஒரு தாய் வெள்ளெலி ஐந்து குட்டிகளோடு ஏறியது.

“கெட்டியா பிடிச்சுக்கோ, தாயி!”

அக்கரை நெருங்கியது. அங்கே பார்த்தால், டமார்! டமார்! முன்னால் போன ஆமைகள் ஒன்றோடொன்று மோதி நின்றன.

“கண்ணு தெரியலையா? இடப்பக்கம் திரும்பு!” என்று கத்தியது ஒரு மேல்துறை ஆமை.

“போய்யா! எங்க துறையில வலப்பக்கம்தான்!” என்று எகிறியது ஒரு கீழ்த்துறை ஆமை.

“கொஞ்சம் இருங்கப்பா, ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடறேன்!” என்றது கரையில் வழிமறித்து நின்ற நடுத்துறை ஆமை.

யாரோ இடித்ததில் மரகதம் சாய்ந்தது. ஒரு குட்டி தண்ணீரில் விழுந்தது!

“ஐயோ, என் பிள்ளை!” என்று தாய் அலறியது. கொற்றன் பாய்ந்து, குட்டியை வாயால் மெல்லக் கவ்வித் தூக்கியது. புறப்பட்ட கரையில் இன்னும் அறுபது உயிர்கள் காத்திருந்தன. தீயோ புதருக்குப் புதர் தாவியது!

மரகதம் தண்ணீரைப் பார்த்தது. நீரோட்டம் வலப்பக்கம் ஓடியது. வலப்பக்கம் திரும்பிய ஆமைகள் சர்ரென்று வழுக்கிப் போயின. இடப்பக்கம் திரும்பியவை நீரோடு மல்லுக்கட்டின. இத்தனை நாளும் தன் பழக்கம்தான் தவறா? முதுகில் குட்டிகள் கீச்சிட்டன.

“எல்லாரும் கேளுங்க! இனிமே எல்லாருக்கும் வலப்பக்கம்தான்! கரையேறவும் கூடாது, மேயவும் கூடாது!”

“அக்கா, நீங்கதானே இடப்பக்கம்னு சொல்லிக் கொடுத்தீங்க?” என்றது மேல்துறை ஆமை.

“தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன்! திரும்பு!”

அவ்வளவுதான்! நாற்பது ஆமைகளும் செக்கு சுற்றுவதுபோல் ஒரே பக்கமாகச் சுற்றத் தொடங்கின. போவது ஒரு வரிசை, வருவது ஒரு வரிசை! தீ கரையைத் தொடுவதற்குள் கடைசி முயலும் அக்கரையில் குதித்தது.

பலர் கூடி வேலை செய்யும் இடம் பெருகும்போது செய்முறை ஒன்றாக வேண்டும். அது தலைவருக்குப் பழகியதாக இல்லாமல், வேலைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்.